கட்டட வேலை: குறை மறையும் முன் பார்ப்பவர் யார்?

பேர்ணிலிருந்து

சுவிற்சர்லாந்தில் புதிய வீடு வாங்குவோருக்கும் கட்டுவிப்போருக்கும் கூடுதல் பாதுகாப்பு அளிக்கும் சட்டத் திருத்தங்கள் 2026 ஜனவரி 1ஆம் தேதி முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. பேர்ண் நகரில் கூடும் நாடாளுமன்றம் 2024 டிசம்பரில் இவற்றுக்கு இறுதி ஒப்புதல் அளித்திருந்தது.

பழைய சட்டத்தின்படி, கட்டடத்தில் குறைபாடு கண்டால் உடனடியாக முறையிட வேண்டும். 'உடனடியாக' என்பதற்கு ஏறத்தாழ 7 நாட்கள் என்றே நீதிமன்றங்கள் பொருள் கொண்டு வந்தன. அதைத் தவறவிட்டவர் உரிமையையே இழந்தார். இப்போது அந்தக் கால அவகாசம் 60 நாட்களாகியுள்ளது. குறைபாட்டைக் கட்டணமின்றித் திருத்தித் தருமாறு கேட்கும் உரிமையை ஒப்பந்தத்தின் மூலம் முன்கூட்டியே பறிக்க முடியாது என்பதும் சட்டமாகியுள்ளது.

இதற்கு முன்னர், தொடர்மாடி வீடுகளை விற்கும் பல நிறுவனங்கள் தமது பொறுப்பை ஒப்பந்தத்தில் விலக்கிக்கொண்டு, 'குறை இருந்தால் வேலை செய்த தச்சரையும் குழாய் பொருத்தியவரையும் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்' என்ற நிலையில் வாங்குபவரை விட்டுவிடுவது வழக்கமாக இருந்தது. எந்தக் குறைக்கு எந்தத் தொழிலாளர் பொறுப்பு என்று நிரூபிக்க இயலாமல் பலரும் சோர்ந்துபோயினர். வாடகை வீடுகளிலிருந்து சொந்த வீடுகளுக்கு மாறிவரும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இந்தத் திருத்தம் பயன்தரக் கூடியதே.

ஆனாலும் இந்தச் சட்டம் அடிப்படையில் கட்டடம் கையளிக்கப்பட்ட பின்னர் எழும் முறைப்பாட்டைப் பற்றியது. கட்டடத்தின் தரம் தீர்மானிக்கப்படுவதோ அதற்கு வெகு முன்னதாக, ஒரு கட்ட வேலை முடிந்து அடுத்த கட்டம் தொடங்கும் இடைவெளியில் ஆகும். அந்த இடைவெளியில் வேலையைப் பார்வையிடுபவர் யார், குறை கண்டால் வேலையை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு உண்டா என்பவையே முதன்மையான கேள்விகள்.

மூடப்படும் வேலைகள்

கட்டட வேலையின் இயல்பு, பின்வரும் வேலை முன்னைய வேலையை மூடிவிடுவதாகும். அத்திவாரத்தை மண் மூடுகிறது. கம்பிகளைக் கொங்கிறீற் மூடுகிறது. குளியலறையின் நீர்க்காப்புப் பூச்சை ஓடுகள் மூடுகின்றன. கம்பிகளின் இடைவெளி சரியா, அவை பலகையைத் தொடாமல் உரிய மறைப்புக் கனத்துடன் நிற்கின்றனவா என்பதைக் கொங்கிறீற் இடுவதற்கு முந்திய சில மணி நேரத்தில் ஒருவர் அளவுநாடாவுடன் பார்த்துவிடலாம். தவறிருந்தால் கம்பி கட்டுபவர் அன்றே திருத்திவிடுவார். அதே தவறு பத்தாண்டுகளின் பின் துருவாகவும் வெடிப்பாகவும் வெளிப்படும்போது, திருத்தும் செலவு வீட்டுக்காரரின் சேமிப்பையே விழுங்கக்கூடும்.

கொங்கிறீற்றின் வலிமையை அறிய மாதிரிக் கட்டிகள் வார்த்து 7ஆம் நாளிலும் 28ஆம் நாளிலும் சோதிப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். வேகமாக உயரும் ஒரு கட்டடத்தில் 28ஆம் நாள் முடிவு கிடைக்கும்போது மேலே இன்னொரு தளமும் எழுந்துவிட்டிருக்கும். சோதனை நடந்தது என்பது மட்டும் போதாது, முடிவு வரும்வரை காத்திருக்க யாராவது கட்டாயப்படுத்த வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

மறைந்திருக்கும் பகுதியின் ஆபத்தைச் சுவிற்சர்லாந்தும் அறியும். 1985 மே 9ஆம் தேதி ஊஸ்ரர் நகரின் உள்ளக நீச்சல் தடாகத்தில் கொங்கிறீற்றாலான தொங்குகூரை இடிந்து வீழ்ந்து 12 பேர் உயிரிழந்தனர். கூரையைத் தாங்கிய துருப்பிடிக்காத உருக்குக் கம்பிகள், குளோரின் கலந்த சூழலில் அரிக்கப்பட்டு அறுந்தமையே காரணம் எனக் கண்டறியப்பட்டது. அக்கம்பிகள் நீந்த வந்தவர்களின் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தன.

இந்நாட்டுக் கட்டட ஒப்பந்தங்களில் பரவலாகப் பயன்படுத்தப்படும் எஸ்.ஐ.ஏ 118 என்ற நியமம், வேலை முடிந்ததும் இரு தரப்பும் சேர்ந்து பார்வையிடுவதற்கும், இடைக்காலக் கொடுப்பனவுகளில் ஒரு பகுதியைப் பிடித்து வைப்பதற்கும் வழி செய்கிறது. குறை திருத்தப்படும்வரை ஒப்பந்தகாரரின் பணத்தின் ஒரு பகுதி மறுதரப்பின் கையில் இருக்கும் என்பது இதன் பொருள். ஆனால் கட்டப்படும் நிலையிலேயே ஒரு தொடர்மாடி வீட்டை வாங்கும் சாதாரணக் குடும்பத்துக்கு, கட்டடத் தலத்தில் இவ்வாறான பிடி எதுவும் பெரும்பாலும் இருப்பதில்லை.

பணத்தோடு இணைந்த பார்வை

இந்தப் பிடியை ஏழைக் குடும்பங்களின் பக்கம் மாற்ற முயன்ற ஓர் அனுபவம் இலங்கையில் உண்டு. அதில் பேர்ணுக்கும் தொடர்பு இருக்கிறது. பேர்ணைத் தலைமையகமாகக் கொண்ட சுவிஸ் அரசின் அபிவிருத்திக்கும் ஒத்துழைப்புக்குமான முகவரகம், 2004 ஆழிப்பேரலையின் பின்னரும் 2009இல் போர் முடிந்த பின்னரும் உரிமையாளரே வீட்டைக் கட்டும் முறைக்கு இலங்கையில் நிதியளித்தது.

ஆழிப்பேரலைக்குப் பின் முற்றாக அழிந்த வீடு ஒன்றுக்கு 2,50,000 ரூபா நான்கு தவணைகளில் வழங்கப்பட்டது. பின்னர் இந்திய அரசின் உதவியில் வடக்கிலும் கிழக்கிலும் நடைபெற்ற பெரும் வீடமைப்புத் திட்டத்தில் புதிய வீடு ஒன்றுக்கு 5,50,000 ரூபா ஒதுக்கப்பட்டது. வேலை உரிய கட்டத்தை எட்டியது எனத் தொழில்நுட்ப உத்தியோகத்தர்கள் உறுதி செய்த பின்னரே அடுத்த தவணை பயனாளியின் வங்கிக் கணக்கைச் சென்றடைந்தது.

இம்முறையின் வலிமை இரண்டு விடயங்களில் இருந்தது. ஒன்று, பார்வையிட்டவர் மேசனிடமோ ஒப்பந்தகாரரிடமோ சம்பளம் பெறுபவர் அல்லர். மற்றது, நாள்தோறும் வேலையைக் கவனித்தவர் அந்த வீட்டில் வாழப்போகிறவரே. 2016இல் அன்றைய அரசாங்கம் 65,000 பொருத்து வீடுகளை உருக்கினால் அமைக்க முன்வந்தபோது எழுந்த எதிர்ப்பின் பின்னணியில் இந்த அனுபவமும் இருந்தது. மக்கள் பிரதிநிதிகளும் பொறியியலாளர்களும் அந்த வீடுகளின் அத்திவாரம், காற்றோட்டம், நீடித்த உழைப்பு ஆகியவை பற்றிக் கேள்வி எழுப்பினர். அறிவிக்கப்பட்ட அளவில் அத்திட்டம் நிறைவேறவில்லை.

எனினும் தவணை முறை குறையற்றது எனக் கூறிவிட முடியாது. ஒரு கட்டத்தை முடித்தால்தான் அடுத்த தவணை என்னும்போது, கையில் பணமில்லாத குடும்பம் கடன்பட்டே அக்கட்டத்தை முடிக்க வேண்டியிருந்தது. உத்தியோகத்தர் வரத் தாமதித்தால், கூரையற்ற சுவர்கள் மழையில் நின்றன. சீமெந்தின் விலையும் மேசன் கூலியும் இதற்கிடையில் ஏறின. பெண்களைத் தலைமையாகக் கொண்ட குடும்பங்களே இதில் அதிகம் துன்புற்றன. பார்வையிடும் அதிகாரம் உள்ளவருக்கு, உரிய நாளில் வந்து பார்க்கும் கடமையும் இருக்க வேண்டும். இல்லையேல் குறையற்ற சுவரும் கடனில் மூழ்கிய குடும்பமும் ஒரே வளவில் இருக்கும்.

மவுலிவாக்கத்தில் நடந்தது

பார்வையிடும் பொறுப்பு பலரிடம் சிதறிக் கிடந்தால் என்ன நேரும் என்பதைச் சென்னையின் புறநகரான மவுலிவாக்கம் காட்டியது. 2014 ஜூன் 28ஆம் தேதி, கட்டி முடியும் தறுவாயில் இருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்ததில் 61 பேர் பலியாகினர். அருகே அதேபோல் எழுந்திருந்த மற்றைய கட்டடம் 2016 நவம்பர் 2ஆம் தேதி வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. திட்ட அனுமதி வழங்கும் அமைப்பு வரைபடத்தைப் பார்க்கும், கட்டமைப்பின் உறுதிக்குக் கட்டுநரும் அவர் அமர்த்திய பொறியாளருமே பொறுப்பு என்பதே அக்கால நடைமுறையாக இருந்தது. எழுந்த தளங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து 'நிறுத்து' என்று சொல்லும் சுயாதீனமான குரல் அங்கே ஒலிக்கவில்லை.

இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மனை வணிகச் சட்டம், வீடு கையளிக்கப்பட்டு ஐந்து ஆண்டுகளுக்குள் தெரியவரும் கட்டமைப்புக் குறைகளை 30 நாட்களில் கட்டணமின்றித் திருத்த வேண்டும் என்கிறது. சுவிஸ் சட்டத்தைப் போலவே இதுவும் வரவேற்கத்தக்கது. ஆனால் மவுலிவாக்கத்தில் இறந்தோரில் பெரும்பாலானவர்கள் அங்கு வேலை செய்த தொழிலாளர்கள். வீடு வாங்கியவருக்குச் சட்டம் தரும் உத்தரவாதம், கட்டும்போதே நசுங்கி இறப்பவருக்கு எவ்விதத்திலும் உதவாது. இடைக்கட்டப் பரிசோதனை மட்டுமே அவரைக் காக்க வல்லது.

தூரத்திலிருந்து கட்டுவோர்

ஐரோப்பாவிலிருந்து பணம் அனுப்பி யாழ்ப்பாணத்திலோ வன்னியிலோ வீடு கட்டுவோருக்கும் இது பொருந்தும். தொலைபேசியில் வரும் படங்களில் பூசி முடித்த சுவர் அழகாகத் தெரியும். கம்பியின் இடைவெளி தெரியாது. அத்திவாரம் மூடப்படும் முன், கூரைத்தட்டுக்குக் கொங்கிறீற் இடும் முன், பூச்சு வேலைக்கு முன் என மூன்று தடவைகளாவது, ஒப்பந்தகாரரோடு தொடர்பற்ற ஒரு தொழில்நுட்பவியலாளரை அமர்த்திப் பார்வையிடச் செய்து, அவர் எழுத்தில் உறுதி செய்த பின்னர் அடுத்த தொகையை அனுப்புவதே பாதுகாப்பானது. அந்த அறிக்கை தாமதமின்றி வரவேண்டும் என்பதும், குறையில்லாத வேலைக்கான பணம் உடனே கிடைக்கும் என்பதும் முன்கூட்டியே பேசி முடிவு செய்யப்பட வேண்டும்.

பேர்ண் நாடாளுமன்றம் வீட்டு உரிமையாளருக்கு 60 நாட்களைப் பெற்றுக் கொடுத்துள்ளது. அது நீதியானது. ஆயினும் கொங்கிறீற் கலவை வந்து சேர்வதற்கு முந்திய சில மணி நேரம் யாருடைய பொறுப்பில் இருக்க வேண்டும் என்பதற்கு, சட்டம் இயற்றுவோர் இன்னமும் முழுமையான விடையை அளிக்கவில்லை.