கதிரவன் இறைக்கும் நீர்

"ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்" என்பது நம் முன்னோர் வாக்கு. அம்மியையே அசைக்கும் காற்றுக்குக் கிணற்று நீரை இறைக்கத் தெரியாதா? 1970களின் தொடக்கத்தில் இவ்வினாவுக்கு நம் மதுரை மாவட்டத்திலேயே விடை கிடைத்தது. மார்கஸ் ஷெர்மன் என்னும் அமெரிக்கர், மாட்டுவண்டிச் சக்கரம் ஒன்றில் மூங்கில்களைக் கட்டி, துணிப்பாய்களை விரித்து, சுமார் 8 மீட்டர் விட்டமுள்ள காற்றாலையை அமைத்தார். பாசனத்துக்கு நீர் இறைப்பதே அதன் பணி. நம்மூர்த் தச்சரும் கொல்லரும் பழுதுபார்க்கக்கூடிய எளிய பொறி அது!

ஆயினும் நம் சமவெளியில் காற்று ஆண்டு முழுவதும் ஒரே சீராக வீசுவதில்லை. முப்பந்தலிலும் தேனிப் பக்கத்திலும் பெரிய காற்றாலைகள் சுழலக் காரணம், மலைக் கணவாய்களின் வழியே விரைந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்றே. மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி உழவர்களுக்கு அக்காற்று மின்கம்பி வழியாகவே வந்து உதவும்.

வயலிலேயே நிற்கும் துணைவன் கதிரவன்தான். வெயில் கடுமையாகும்போது பயிரின் தாகம் மிகும். அப்போதுதான் சூரியத் தகடுகளும் நன்கு உழைக்கும். மழை மூட்டத்தில் தகடு சோர்ந்தால், இறைக்கும் தேவையும் குறைந்துவிடும். இதைவிடப் பொருத்தம் வேறுண்டோ? மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து நள்ளிரவில் பாம்புக்கு அஞ்சி வரப்பில் நடக்கும் துன்பமும் நீங்கும்.

செலவு பெரிது என்பர் சிலர். 2019இல் தொடங்கப்பட்ட பி.எம். குசும் திட்டம், சூரிய பம்புசெட்டின் விலையில் மைய அரசு 30 சதவீதமும் மாநில அரசு குறைந்தது 30 சதவீதமும் மானியமாகத் தர வழிவகுத்தது. ஆகவே பணத்தைவிடப் பெரிய கவலை வேறொன்று உண்டு.

வெயிலுக்கு விலையில்லை, எனவே மோட்டாரை நிறுத்தவும் மனம் வராது! ஆழ்துளைக் கிணறுகள் மேலும் மேலும் ஆழமாகி வருவதை நாம் காண்கிறோம். நிலத்தடி நீர் வற்றிய பின் தகடுகள் எதை இறைக்கும்? ஆதலால் சூரிய பம்புசெட்டு வரும் தோட்டத்தில் சொட்டுநீர்ப் பாசனமும் உடன் வரவேண்டும். எஞ்சிய மின்சாரத்தை மின்வாரியம் நல்ல விலைக்கு வாங்க வேண்டும். அப்போது நீரைச் சேமிப்பதே உழவருக்கு வருமானமாகும். கண்மாய்களையும் தூர்வார வேண்டும்.

நம் தோழியர் பலர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். பாடநூலில் படிக்கும் இவ்வறிவியலை வீட்டுத் திண்ணையிலும் பேசுவோம். காற்றும் கதிரும் தீராத செல்வம். நீரோ தீரும் செல்வம். முன்னதைத் தாராளமாகச் செலவிடுவோம். பின்னதைச் சிக்கனமாகக் காப்போம்!