அடிமாட்டுக்கும் முகம் உண்டு

எந்தப் பொருள் மலிவாகப் போனாலும் "அடிமாட்டு விலைக்குப் போயிற்று" என்பது நம்மவர் வழக்கம். நிலமானாலும் சரி, பழைய சைக்கிளானாலும் சரி, இதே பேச்சுதான். பல வருஷம் ஏர் இழுத்த மாடு, கால் ஓய்ந்ததும் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேசிய விலைக்குப் போகிறது. அதுதான் நமக்கு மலிவின் அளவுகோல். அந்த மாட்டுக்கும் ஒரு முகம் இருந்தது என்பதைப் பிறகு யார் நினைக்கிறார்கள்?

அப்படிப்பட்ட முகங்களைக் காகிதத்தில் பதிப்பதையே வாழ்க்கைப் பணியாகக் கொண்டவர்கள் உண்டு. சூ கோ என்ற பெண் ஓவியர் 1951-ம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தவர். சிறு வயதில் அவர் வசித்த இடத்துக்குப் பக்கத்திலேயே இறைச்சிக்கூடம் இருந்தது. 1972-ல் நியூயார்க் சென்றார். இறைச்சிக்கூடங்களுக்குள் காமிராவை அனுமதிக்கமாட்டார்கள். அவர் நோட்டும் பென்சிலும் கொண்டு போனார். அங்கே வரைந்த சித்திரங்கள் 1996-ல் 'டெட் மீட்' என்ற புத்தகமாக வந்தன.

சாவின் வாசலில் நிற்கும் பிராணிகளை அவர் வரைந்தார். அங்கிருந்து தப்பியவற்றின் கதை வேறு. 1986-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், ஒரு கால்நடைச் சந்தையின் பின்புறம் செத்த பிராணிகளைக் குவித்திருந்த இடத்தில் ஓர் ஆடு உயிரோடு கிடந்தது. அதை எடுத்துக் காப்பாற்றி ஹில்டா என்று பெயரிட்டார்கள். அது பல ஆண்டுகள் வாழ்ந்தது. பண்ணைப் பிராணிகளுக்கான 'ஃபார்ம் சாங்க்சுவரி' என்ற காப்பகம் அதை ஒட்டித்தான் வளர்ந்தது.

இத்தகைய காப்பகங்களில் முதுமை அடைந்த பிராணிகளைத் தேடித் தேடிப் படம் எடுத்தவர் ஈசா லெஷ்கோ. அவர் கையாண்டது தூரிகை அல்ல, காமிரா. 2019-ல் அப்படங்கள் நூலாக வந்தன. நரைத்த பன்றி, கண் மங்கிய குதிரை, சிறகு உதிர்ந்த கோழி! கறிக்கோழி சுமார் ஆறு வாரத்திலும், பன்றி ஆறு மாதத்திலும் வெட்டப்படும் காலத்தில், கிழப்பன்றி எப்படி இருக்கும் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

"மனுஷனுக்கே கஞ்சிக்கு வழியில்லை, கிழட்டு மாட்டுக்குப் படம் ஒரு கேடா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மாட்டை விற்கும் சம்சாரி கல்நெஞ்சக்காரன் அல்ல. வைக்கோல் விலையும் கடனும் அவனை விற்கச் செய்கின்றன. நகரத்தில் உட்கார்ந்துகொண்டு அவனைக் குறை சொல்வது சுலபம். 2015-ல் மராட்டிய மாநிலத்தில் காளைகளையும் எருதுகளையும் வெட்டக்கூடாது என்று சட்டம் வந்தது. சட்டம் கத்தியைத் தடுக்கலாம், தீனி போடாது.

படமும் தீனி போடாதுதான். ஆனால் ஒரு மாட்டை வரைய வேண்டுமானால் அரைமணி நேரமாவது அதையே உற்றுப் பார்க்கவேண்டும். அப்போதுதான் ஒடிந்த கொம்பும், கிழிந்த காதும், நுகத்தடி அழுத்தித் தடித்துப்போன கழுத்தும் கண்ணில் படும். அதுவரை "உருப்படி" என்று எண்ணப்பட்டது, அதற்குமேல் "இந்த மாடு" ஆகிவிடும். உழைக்கும் வரை மதிப்பு, ஓய்ந்தபின் சுமை என்ற கணக்கு எவ்வளவு கொடியது என்பது, கூலிக்கும் சம்பளத்துக்கும் ஊர்விட்டு வந்தவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

மும்பை வாழ் தமிழர்கள் இதற்காக அமெரிக்கா போகவேண்டாம். புலேஷ்வரில் பிஞ்சராபோல் இருக்கிறது. அன்றைய பம்பாயில் 1832-ல் தெருநாய்களைக் கொல்ல அரசு உத்தரவிட்டதால் கலவரம் மூண்டது. அதன்பின் 1834-ல் ஜாம்செட்ஜி ஜிஜிபாய் முதலான வணிகர்கள் ஏற்படுத்திய காப்பகம் இது. நகரத்தின் நெரிசலுக்கு நடுவே இன்றும் அங்கே பசுக்களைப் பராமரிக்கிறார்கள். அதே ஜிஜிபாயின் நன்கொடையால்தான் 1857-ல் ஓவியப் பள்ளியும் தோன்றியது. பலர் இன்றும் வி.டி. என்றே சொல்லும் ரயில் நிலையத்துக்கு அருகே உள்ள சர் ஜே.ஜே. கலைப்பள்ளி அதுதான். ஓய்ந்த பிராணிக்குக் கொட்டிலும், ஓவியனுக்குப் பள்ளியும் ஒரே வள்ளலின் கொடை. இவ்விரண்டுக்கும் இடையே பென்சில் பிடித்த கைகள் அடிக்கடி போய்வந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

தமிழர் சங்கங்கள் பொங்கலை ஒட்டிப் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி வைப்பதுண்டு. கொம்பில் வர்ணம் பூசிய காளையைப் பிள்ளைகள் காலண்டரைப் பார்த்து வரைகிறார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளில் மாட்டைத் தொட்டுப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? மாஹிமில் ஸ்லோ வண்டி ஏறினால், மரீன் லைன்ஸில் இறங்கிப் புலேஷ்வருக்கு நடந்தே போய்விடலாம். சங்கப் பொறுப்பாளர்கள் முன்கூட்டி அனுமதி பெற்று, வரும் மாட்டுப் பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பே பிள்ளைகளை அங்கே அழைத்துப் போகட்டும். ஆளுக்கு ஒரு கட்டுப் புல், ஒரு தாள், ஒரு பென்சில் போதும். பரிசு, அழகான காளையை வரைந்த பிள்ளைக்கு அல்ல. ஒரு கிழட்டு மாட்டை மற்ற மாடுகளிலிருந்து அடையாளம் தெரியும்படி வரைந்த பிள்ளைக்கே தரப்படவேண்டும்.