ஆறு நாள் வேலையும் பதினெட்டுப் பேரும்

கண்டி நகரின் வங்கிக் கருமபீடங்களுக்கு முன்னால் இப்போது சாதாரணமாகிவிட்ட காட்சி இது. தெல்தோட்டையிலிருந்தோ கலஹாவிலிருந்தோ காலை பஸ்ஸில் இறங்கி வந்த ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளிப் பெண் ஒருவர், கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்த வைப்புச் சான்றிதழை எடுத்து நீட்டுகிறார். “வட்டி ஏன் மகன் குறைஞ்சிருக்கு?” என்று கேட்கிறார். “அது டெக்ஸ் வெட்டினதம்மா” என்கிறார் கருமபீடத்து இளைஞர். “எனக்கு எதுக்கு டெக்ஸ்? நான் என்ன முதலாளியா?”

அந்தக் கேள்விக்கு இளைஞரிடம் பதில் இல்லை. அரசிடம் இருக்க வேண்டும்.

குறைந்த வருமானம் உள்ள தொழிலாளர்களும் வருமான வரி கட்டத்தான் வேண்டுமா என்ற விவாதம் எழும்போதெல்லாம், “எல்லோரும் ஏதோ கொஞ்சமாவது கட்டினால்தானே நாடு என்ற உணர்வு வரும்” என்று ஒரு வாதம் மேசைக்கு வருகிறது. கேட்பதற்கு நியாயம்போல இருக்கும். ஆனால் அந்த வாதம் தொடங்கும் இடமே பிழை. ஏழைத் தொழிலாளி வரி கட்டாமல் இருக்கிறார் என்று அது எண்ணிக்கொள்கிறது. அவர் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். அதற்குமேல் அவருடைய சம்பளத்திலிருந்து வருமான வரி என்று ஒரு சதமும் எடுக்கக் கூடாது என்பதே எமது நிலைப்பாடு. இப்போது சுற்றிவளைத்து எடுத்துக்கொண்டிருப்பதையும் நிறுத்த வேண்டும்.

ஒரு சம்பளச் சீட்டை விரித்துப் பார்ப்போம். 2026ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட் சம்பளத்தை 1,350 ரூபாயிலிருந்து 1,550 ஆக்கி, அரசின் வரவு ஊக்குவிப்பு 200 ரூபாயையும் சேர்த்து 1,750 ரூபாய் என்று முன்மொழிந்தது. மாதம் 25 பேர் விழுந்தால் 43,750. தோட்டத்துக்கு வெளியே உள்ள வாசகர்களுக்காக: ஒரு முழுநாள் வேலை பதியப்பட்டால் அது ஒரு ‘பேர்’. நிர்ணயித்த கிலோ கொழுந்து எடுக்காவிட்டால் பல தோட்டங்களில் அரைப்பேர்தான். மழை அடித்தால், காய்ச்சல் வந்தால், பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்கப் போனால் பேர் இல்லை. ஆகவே 25 என்பது நல்ல மாதத்துக் கணக்கு. அதிலிருந்து ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் போகும். சங்கச் சந்தா போகும். தீபாவளி முற்பணத்தின் தவணை போகும். கோயில் காசு, தேயிலைத்தூள் என்று சீட்டின் அடிப்பக்கம் நீளும்.

எல்லா மாதமும் நல்ல மாதம் என்றே வைத்தாலும் ஆண்டுக்கு 525,000 ரூபாய். 2025 ஏப்ரல் முதல் வருமான வரி விலக்கு வரம்பு ஆண்டுக்கு 18 இலட்சம். அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட இந்தச் சம்பளம் எட்டவில்லை. கண்டி நகரத்துத் துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்ணோ, ஹோட்டலில் அறை துடைக்கும் இளைஞரோ இதற்கும் கீழே இருக்கலாம். 2026 ஜனவரியிலிருந்து தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 30,000 ரூபாய்தான்.

வரம்பை எடுத்துவிட்டு, எல்லோருக்கும் ஆரம்ப வீதமான 6 வீதத்தைப் போட்டால் என்ன ஆகும்? அந்தத் தொழிலாளி ஆண்டுக்கு 31,500 ரூபாய் கட்ட வேண்டிவரும். 1,750ஆல் வகுத்துப் பாருங்கள்: பதினெட்டுப் பேர். முள்ளும் அட்டையும் மிதித்து, பதினெட்டு நாள் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏறினால்தான் அந்தக் கணக்குத் தீரும்.

கண்டிக்கு இந்த மாதிரிக் கணக்கு புதிதல்ல. 1848இல் ஆளுநர் டொரிங்டன் துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி, வண்டிக்கு வரி என்று அடுக்கினார். வீதிச் சட்டம் என்று ஒன்றும் வந்தது. பதினெட்டு வயதுக்கும் ஐம்பத்தைந்துக்கும் இடைப்பட்ட ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும். இல்லையேல் மூன்று சிலிங் கட்ட வேண்டும். நிலப்பிரபுவுக்கும் அதே மூன்று சிலிங், சேனைக்காரனுக்கும் அதே மூன்று சிலிங். பௌத்த பிக்குகளையும் விடவில்லை. ராஜகாரியம் என்ற கட்டாய ஊழியத்தை ஒழித்துப் பதினைந்து ஆண்டுகளே ஆகியிருந்த நேரம் அது. அவ்வாண்டு ஜூலை 6ஆம் திகதி மக்கள் கண்டிக் கச்சேரியைச் சூழ்ந்தார்கள். மாத்தளைப் பக்கம் அது கிளர்ச்சியாகவே வெடித்தது. ஓகஸ்ட் 8ஆம் திகதி கிளர்ச்சித் தலைவர் புரன் அப்பு போகம்பரையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1850இல் டொரிங்டன் திருப்பி அழைக்கப்பட்டார். இன்று போகம்பரை வழியாக பஸ் நிலையத்துக்கு நடக்கிறவர்களில் எத்தனை பேருக்கு இது நினைவிருக்குமோ!

கொடுக்க முடிந்தவனையும் முடியாதவனையும் ஒரே கோலால் அளந்ததுதான் அந்தச் சட்டத்தின் குற்றம். வருமான வரி அதற்கு நேர் எதிரான எண்ணத்தில் பிறந்தது. இலங்கைக்கு அது 1932இல் வந்தது. சுமக்கக் கூடியவன் கூடச் சுமக்கட்டும், உயிர் வாழத் தேவையான பணத்தில் அரசு கை வைக்காது என்பதே அதன் அடிப்படை. விலக்கு வரம்பை ஏழைக்கு அரசு காட்டும் தயவு என்று நினைப்பவர்கள் இந்த வரியின் தன்மையையே அறியாதவர்கள்.

சரி, வருமான வரி இல்லை, வேறென்ன கட்டுகிறார்? 2019 டிசம்பரில் 8 வீதமாகக் குறைக்கப்பட்ட பெறுமதி சேர் வரி (வற்), 2022 ஜூனில் 12, செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18 என்று ஏறியது. அதே ஜனவரியில், அதுவரை விலக்குப் பெற்றிருந்த சமையல் எரிவாயு, பெற்றோல், டீசல், கைத்தொலைபேசி எல்லாம் வற் வரிக்குள் வந்தன. அரிசிக்கும் பாணுக்கும் வற் இல்லை என்பது உண்மை. ஆனால் சவர்க்காரத்துக்கு உண்டு, பிள்ளையின் சப்பாத்துக்கு உண்டு, சோப்புத்தூளுக்கும் பிஸ்கட்டுக்கும் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு கண்டி மாவட்டத்து மலைகள் சரிந்து வீடுகளை மூடியபின், திரும்பக் கட்ட வாங்கும் சீமெந்துக்கும் தகரத்துக்கும் உண்டு.

மாதம் பத்தாயிரம் ரூபாய்க்கு வற் உள்ள பொருள்களை ஒரு குடும்பம் வாங்குகிறது என்றால், அதில் 1,525 ரூபாய் வரி. ஆண்டுக்கு 18,300. தோட்டத்துக் கணக்கில் பத்துப் பேருக்கு மேல். டொரிங்டன் கேட்டது ஆறு நாள்!

சீனியின் கதை வேறு. 2020 ஒக்டோபரில் சீனிக்கான விசேட பண்ட வரியை 50 ரூபாயிலிருந்து 25 சதமாக்கினார்கள். கடை விலை அந்த அளவுக்கு இறங்கவில்லை. இடையில் நின்றவர்களின் பைதான் நிரம்பியது. 2023 நவம்பரில் 25 சதத்தை மீண்டும் 50 ரூபாயாக்கியபோது மட்டும் விலை உடனே ஏறியது. மாதம் ஆறு கிலோ சீனி வாங்கும் லயத்து வீட்டுக்கு அது 300 ரூபாய். கொழுந்து பறிப்பவர் குடிப்பது பெரும்பாலும் தூள் தேயிலையில் போட்ட பிளேன்ரீ. அதில் போடுகிற சீனியில் அரசுக்கும் ஒரு பங்கு.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு சம்பளத்தை எடுப்போம். மாதம் இரண்டு இலட்சம் ரூபாய் சம்பளம் பெறுபவர் இன்று கட்டும் வருமான வரி 3,000 ரூபாய். சம்பளத்தில் ஒன்றரை வீதம். மேலே சொன்ன தொழிலாளி வற் வரியாக மட்டும் கொடுப்பது தன் சம்பளத்தில் மூன்றரை வீதம். இரண்டு இலட்சக்காரரும் வற் கட்டுகிறாரே என்று கேட்கலாம். கட்டுகிறார்தான். ஆனால் அவரால் கொஞ்சம் மிச்சம் பிடிக்க முடியும். மிச்சம் பிடித்த பணத்துக்கு வற் இல்லை. உழைத்ததெல்லாம் கடைக்கே போகிற வீட்டில் அந்தச் சலுகை கிடையாது.

இங்கே ஓர் உண்மையையும் சொல்லியாக வேண்டும். 2023இன் தொடக்கத்தில் விலக்கு வரம்பு மாதம் இரண்டரை இலட்சத்திலிருந்து ஒரு இலட்சமாக இறங்கி, மேல் வீதம் 36 ஆனபோது பல்கலைக்கழக விரிவுரையாளர்களும் மருத்துவர்களும் வங்கி ஊழியர்களும் வீதிக்கு வந்தார்கள். அவர்களுடைய கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் சீனி வரிக்காக எந்தச் சங்கமும் வேலைநிறுத்தம் செய்ததாக எமக்கு நினைவில்லை. மறைமுக வரி வலிக்காமல் எடுக்கும் ஊசி. அதனால்தான் எல்லா அரசாங்கங்களுக்கும் அதன்மேல் அவ்வளவு பிரியம்.

மாதம் ஒரு இலட்சம் என்ற அந்த வரம்பில் ஒரு சூட்சுமம் இருந்தது. 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் கீழும் சம்பளக்காரருக்கு வரம்பு ஆண்டுக்கு 12 இலட்சம், அதாவது மாதம் ஒரு இலட்சம்தான். இடையில் பொருள் விலைகள் ஏறத்தாழ இரட்டித்துவிட்டன. 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. எண் அப்படியே இருந்தது, அதன் பெறுமதி பாதியானது. மேலதிக நேரம் பார்த்து ஒரு இலட்சத்தைத் தொட்ட தாதியும், இரவு பஸ் ஓட்டிய சாரதியும், பல்லேகலைத் தொழிற்சாலையின் இயந்திர இயக்குநரும் இப்படித்தான் திடீரென்று ‘வசதி படைத்தவர்கள்’ ஆனார்கள். யாரும் அவர்களுக்குச் சம்பளத்தை உயர்த்தி அந்தப் பட்டத்தைக் கொடுக்கவில்லை. 2025இல் வரம்பு மாதம் ஒன்றரை இலட்சமானது நல்லதே. ஆனால் 2018இன் ஒரு இலட்சத்துக்கு அது இன்னும் ஈடாகவில்லை. அடுத்த விலையேற்றத்தில் இதுவும் கரையும். ஆகவே விலக்கு வரம்பு விலைவாசியோடு ஆண்டுதோறும் தானாக உயர வேண்டும் என்று இறைவரிச் சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். நிதி அமைச்சரின் மனநிலைக்கு அதை விட்டுவைக்கக் கூடாது.

எதிர்வாதத்தில் கனமான பகுதி ஒன்று உண்டு: அரசிடம் பணம் இல்லை. 2019இன் கண்மூடித்தனமான வரிக் குறைப்புக்குப் பிறகு வரி வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 8 வீதத்துக்கும் கீழே போனதையும், 2022இல் நாடு கடன் கட்ட முடியாமல் கை விரித்ததையும், 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனைகளோடு எழுந்ததையும் நாம் மறக்கவில்லை. வரி வேண்டாம் என்று நாம் சொல்லவும் இல்லை. யாரிடம் என்பதே கேள்வி. பெரிய வீடுகளையும் சொத்துகளையும் குறிவைத்து 2025இல் வர வேண்டியிருந்த வாடகைப் பெறுமான வரி தள்ளிப்போடப்பட்டது. பணமாகக் கைமாறும் தொழில்களின் வருமானம் கணக்குக்கு வராமலே நிற்கிறது. இந்த நிலையில் குறைந்த வருமானக்காரருக்கும் வருமான வரி என்றால் அகப்படப்போவது யார்? மேசன்பாஸுக்கும் ஆட்டோ சாரதிக்கும் சம்பளச் சீட்டு இல்லை. தோட்டத் தொழிலாளிக்கு உண்டு. செக்ரோல் என்ற வரவுப் பதிவேட்டில் பெயர் உண்டு. வெட்டுவதற்குக் காரியாலயமும் உண்டு. முதலில் அகப்படுவது அவர்தான்.

கொஞ்சமாவது கட்டினால்தான் நாட்டுரிமை உணர்வு வரும் என்பவர்களுக்கு மலையகத்தின் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் இந்த மக்களின் குடியுரிமையைப் பறித்தது. வாக்கும் அதைத் தொடர்ந்து போயிற்று. அதற்குப் பின்னரும் பல ஆண்டுகள் தேயிலை ஏற்றுமதித் தீர்வை அரசின் பெரும் வருமானங்களில் ஒன்றாக இருந்தது. நாடு கொடுத்த இலவசக் கல்விக்கும் மலிவு அரிசிக்கும் பின்னால் அந்தக் கூடைகள் இருந்தன. வரி கொடுத்தும் உரிமை கிடைக்காதவர்களுக்கு வரியின் பெருமையைப் பாடம் எடுப்பது அழகல்ல.

இனி, கருமபீடத்தில் நிற்கும் அந்த அம்மாவிடம் திரும்புவோம். பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் சேமலாப நிதியை எடுக்கலாம். அதையும் சேவைக்காலப் பணத்தையும் சேர்த்து எட்டு இலட்சத்தை 8 வீத வட்டிக்கு அவர் வைப்பிலிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வட்டி 64,000. வட்டியில் முற்கூட்டியே பிடிக்கும் வரி 2025 ஏப்ரல் 1 முதல் 5 வீதத்திலிருந்து 10 வீதமாகியது. ஆகவே 6,400 ரூபாய் வெட்டு. 18 இலட்ச வரம்பின் நிழலைக்கூட மிதிக்காத ஒருவரிடமிருந்து எடுக்கப்படும் இந்தப் பணத்தை வருமான வரி என்றல்லாமல் வேறென்னவென்று சொல்வது?

சட்டத்தில் வழி இருக்கிறது. ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்குக் குறைவு என்று சுயபிரகடனம் கொடுத்தால் வங்கி வெட்டாது. ஆனால் அதற்கு வரி செலுத்துநர் அடையாள இலக்கம் எடுத்திருக்க வேண்டும். அந்த இலக்கம் எடுத்தாலே வரி கட்ட வேண்டும் என்று பயந்து ஒதுங்கியவர்கள் தோட்டங்களில் ஏராளம். பதினெட்டு வயதான எல்லோரும் 2024 முதல் பதிய வேண்டும் என்று அறிவித்தபோது, பதிவது வேறு, கட்டுவது வேறு என்று லயத்துக்கு வந்து தமிழில் விளக்கியவர் யார்? வரி இல்லாதவர் தனக்கு வரி இல்லை என்று நிரூபிக்க வேண்டும் என்பதே தலைகீழ் ஏற்பாடு. ஒரு குறிப்பிட்ட தொகைக்குக் கீழ்ப்பட்ட வைப்புகளின் வட்டியில் கை வைக்கவே கூடாது; சந்தேகம் இருந்தால் திணைக்களம் தேடட்டும்.

அது வரும்வரை வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தாய் தந்தையருக்கோ அயலில் உள்ள பெரியவருக்கோ சிறிய வைப்பு ஒன்று இருந்தால், அடையாள அட்டையோடு அவர்களைக் கூட்டிக்கொண்டு போய் வரி இலக்கத்தை எடுத்துக் கொடுங்கள். வங்கியில் சுயபிரகடனப் படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்கி நிரப்பிக் கொடுங்கள். ஏற்கெனவே வெட்டிய பணத்தை, வருமான விவரத்திரட்டைத் தாக்கல் செய்து திரும்பக் கேட்கலாம். வரியாண்டு மார்ச் 31ஆம் திகதி முடிகிறது.