ஏசி வாங்கும் முன் மொட்டை மாடிக்கு ஒருமுறை ஏறிப் பாருங்கள்

மார்ச் பிறந்துவிட்டால் ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் ஏசி விளம்பரங்கள் முளைத்துவிடும். ஜீரோ டவுன் பேமென்ட், 12 மாத இஎம்ஐ, பழசுக்கு எக்ஸ்சேஞ்ச். கடைக்குள் நுழைந்ததும் முதல் கேள்வி, 'ஒரு டன்னா சார், ஒன்றரை டன்னா?' அடுத்த கேள்வி, 'த்ரீ ஸ்டாரா, ஃபைவ் ஸ்டாரா?' இந்த இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டால் பில் ரெடி.

என்னைக் கேட்டால், இவை இரண்டும் கடைசியில் கேட்க வேண்டிய கேள்விகள். முதலில் கேட்க வேண்டியது வேறு. உங்கள் தலைக்கு மேல் இருப்பது இன்னொரு வீடா, வெறும் மொட்டை மாடியா? ஏசி ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், எந்த நேரத்தில் ஓடப்போகிறது? இந்த இரண்டையும் எந்தக் கடைக்காரரும் கேட்பதில்லை. நாமும் சொல்வதில்லை.

இருங்காட்டுக்கோட்டை பக்கம் குடியிருப்பவர்களுக்கு இது கொஞ்சம் கூடுதலாகவே பொருந்தும். 1998-ல் ஹூண்டாய் இங்கே சான்ட்ரோ கார்களைத் தயாரிக்கத் தொடங்கிய பிறகு, காட்டரம்பாக்கம், பென்னலூர், வல்லம், ஒரகடம் என்று சுற்றியுள்ள ஊர்களில் எல்லாம் வாடகைக்கென்றே வீடுகள் எழும்பின. தரைத்தளம், அதற்கு மேல் இரண்டு மாடி, மாடிக்கு இரண்டு போர்ஷன். வாடகைக் கணக்கை மனதில் வைத்து வேகமாகக் கட்டியவை பல. மேல் தளத்தில் கூலிங் டைல்ஸ் கூடப் பதிக்காமல் விட்ட வீடுகளும் நிறைய. வாடகை கொஞ்சம் குறைகிறதே என்று மேல் மாடியைப் பிடிப்பவர்கள், அந்த மிச்சத்தை ஏப்ரல், மே மாத கரண்ட் பில்லில் திருப்பிக் கட்டுகிறார்கள்.

காரணம் ரொம்ப எளிது. கான்கிரீட் தளம் பகல் முழுக்க வெயிலைக் குடித்து வைத்துக்கொள்ளும். சூரியன் இறங்கிய பிறகு அந்தச் சூட்டை மெதுவாகக் கீழே விடும். ராத்திரி பத்து மணிக்கு ஃபேன் போட்டால் அனல் காற்று அடிப்பது இதனால்தான். ஃபேன் அந்தச் சூட்டைத்தான் தள்ளிக் கொடுக்கிறது. அந்த அறையில் ஏசி மாட்டினால், அறைக்குள் இருக்கும் காற்றைக் குளிர வைப்பதோடு அதன் வேலை முடியாது. தலைக்கு மேல் கிடக்கும் பல டன் கான்கிரீட்டோடும் அது நள்ளிரவு வரை மல்லுக்கட்ட வேண்டும்.

இதற்குத் தீர்வு கண்டுபிடித்துப் பல காலம் ஆகிவிட்டது. பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கனமாகப் போட்டு இடித்துக் கெட்டிப்படுத்துவார்கள். மழைநீர் இறங்காது, வெயிலும் சட்டென இறங்காது. இன்று அதற்குப் பதில் வெள்ளை கூலிங் டைல்ஸ், வெயிலைத் திருப்பி அடிக்கும் வெள்ளை பெயின்ட் எல்லாம் இருக்கின்றன. எதுவும் முடியாதவர்கள் கோடைக்கு முன் சுண்ணாம்பாவது அடிக்கலாம். மழையில் கரைந்துவிடும், வருஷா வருஷம் அடிக்க வேண்டும், ஆனால் செலவு மிகக் குறைவு. தெலங்கானா 2023-ல் இதற்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்து, பெரிய புதுக் கட்டடங்களுக்கு வெப்பம் தடுக்கும் கூரையைக் கட்டாயமாக்கியது. நம்மூரில் இது இன்னும் ஹவுஸ் ஓனரின் மனசைப் பொறுத்த விஷயமாகவே இருக்கிறது. அந்த மனசைப் பற்றி பிறகு பேசுவோம்.

டன் என்றால் எடை இல்லை

பலரும் டன்னை ஏசியின் எடை என்று நினைக்கிறார்கள். அது ஐஸ் கட்டிக் காலத்துக் கணக்கு. ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகினால் எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ அதுதான் 'ஒரு டன்' குளிர்ச்சி. மணிக்கு 12,000 பிடியு. நம் கணக்கில் சுமார் 3.5 கிலோவாட். ஆனால் அவ்வளவு கரண்ட்டை அது இழுக்காது. வெப்பத்தை உள்ளிருந்து வெளியே தள்ளுவதுதான் வேலை என்பதால், அதில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ போதும்.

இதே பிடியு கணக்கில்தான் அமெரிக்காவில் குளிருக்கு வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஃபர்னஸையும் விற்கிறார்கள். அங்கே 'மேனுவல் ஜே' என்று ஒரு கணக்கீட்டு முறை உண்டு. சுவர், ஜன்னல், கூரை, ஊரின் தட்பவெப்பம் எல்லாவற்றையும் போட்டு, இந்த வீட்டுக்கு இவ்வளவு போதும் என்று சொல்லும். அப்படியிருந்தும் 'எதற்கும் பெரிசாவே இருக்கட்டும்' என்று தேவைக்கு அதிகமாக மாட்டிவிடுவது அங்கும் வழக்கமான புகார்தான். குளிர்ந்த ஊரிலும் சரி, கொதிக்கும் ஊரிலும் சரி, பெரிசு வாங்கினால் நல்லது என்ற நம்பிக்கைக்கு மட்டும் பஞ்சமே இல்லை.

நம் ஊரில் பெரிசு வாங்குவதில் இன்னொரு கெடுதல் இருக்கிறது. சென்னையைச் சுற்றி வெக்கையைவிடப் புழுக்கம்தான் பெரிய தொல்லை. ஏசி தொடர்ந்து ஓடினால்தான் காற்றிலுள்ள ஈரத்தைப் பிழிந்து வெளியே விடும். சின்ன அறைக்குப் பெரிய ஏசி மாட்டினால், பத்தே நிமிஷத்தில் செட் செய்த டிகிரியைத் தொட்டு நின்றுவிடும். குளிரும், ஆனால் பிசுபிசுக்கும். அந்தப் பிசுபிசுப்பைப் போக்க 24-ஐ 20-க்கு இறக்குவோம். பில் ஏறும். இன்வெர்ட்டர் மாடல்கள் வேகத்தைக் குறைத்து ஓடுவதால் இந்தப் பிரச்சினை குறைவு. ஆனால் அவையும் ஓரளவுக்குக் கீழே இறங்க முடியாது.

டபுள் பெட்ரூம் வீடு ஒன்றில் பத்துக்குப் பதினொன்று அளவில் ஒரு படுக்கையறை, மேலே இன்னொரு வீடு என்றால் ஒரு டன் இன்வெர்ட்டர் தாராளம். அதே அறை மேல் மாடியில், மேற்குச் சுவரோடு இருந்தால் ஒன்றரை டன் கேட்கும். அதாவது வித்தியாசம் அறையில் இல்லை, கூரையில் இருக்கிறது. கூரையைச் சரிசெய்ய முடிந்தால் அங்கேயும் ஒரு டன்னை யோசிக்கலாம். ஹாலுக்கும் சேர்த்து ரெண்டு ஏசி என்பது நடுத்தர பட்ஜெட்டுக்குத் தேவையில்லாத ஆசை என்றே நினைக்கிறேன்.

ஸ்டார் கணக்கும் ஷிப்ட் கணக்கும்

ஸ்டிக்கரில் நட்சத்திரத்தைவிட முக்கியமான ஒன்று, வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்ற எண். அது 1,600 மணி நேரம் ஓடினால் ஆகும் கணக்கு. ஒன்றரை டன்னில் மூன்று ஸ்டாருக்கும் ஐந்து ஸ்டாருக்கும் 200 யூனிட் வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். யூனிட் 8 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 1,600 ரூபாய் மிச்சம். விலை வித்தியாசம் 8,000 ரூபாய் என்றால் அதை எடுக்க ஐந்து வருஷம் ஆகும்.

ஆனால் நீங்கள் 1,600 மணி நேரம் ஓட்டுவீர்களா? ஜெனரல் ஷிப்ட் வேலை, ராத்திரி எட்டு மணி நேரம், கோடையில் நான்கு மாதம். மொத்தம் 960 மணி நேரம். மிச்சம் 1,000 ரூபாயைக்கூடத் தொடாது. விலை வித்தியாசத்தை எடுப்பதற்குள் எட்டு வருஷம் ஓடிவிடும். இவர் த்ரீ ஸ்டார் வாங்குவதுதான் புத்திசாலித்தனம், யார் என்ன சொன்னாலும்.

இப்போது அடுத்த வீட்டைப் பாருங்கள். ஒரே அறையில் இரண்டு பேர், ஒருவர் நைட் ஷிப்ட், இன்னொருவர் பகல் ஷிப்ட். ஒருவர் எழுந்து போகும்போது இன்னொருவர் வந்து படுக்கிறார். ஏசி ஒரு நாளைக்கு 16 மணி நேரம் ஓடுகிறது, அதுவும் மண்டையைப் பிளக்கும் மத்தியான வெயிலில். ஆறு மாதத்துக்கு 2,880 மணி நேரம். அதே கணக்கில் வருஷத்துக்கு 2,880 ரூபாய் மிச்சம். மூன்று வருஷத்துக்குள் போட்ட காசு வந்துவிடும். இவர்களுக்கு ஃபைவ் ஸ்டார் ஆடம்பரமே இல்லை. ஆனால் நடைமுறையில் இவர்கள்தான் விலை குறைந்த மாடலைத் தேடி அலைகிறார்கள், ஜெனரல் ஷிப்ட் இன்ஜினியர் ஃபைவ் ஸ்டாரை இஎம்ஐ-யில் எடுத்துவிடுகிறார்!

ஒரு சின்ன எச்சரிக்கை. ஸ்டார் அளவுகோலைச் சில வருஷங்களுக்கு ஒருமுறை எரிசக்தித் திறன் பணியகம் இறுக்கும். பழைய ஸ்டாக்கில் ஒட்டியிருக்கும் ஐந்து ஸ்டார், புது அளவுகோலில் அதைவிடக் குறைந்த ஸ்டாராக இருக்கலாம். லேபிளில் எந்த ஆண்டுக்கான அளவு என்று அச்சிட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள். ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. 'ஆஃபர்' என்று கடை சொல்வதில் இந்தக் குறைப்பு எவ்வளவு, கடையின் தள்ளுபடி எவ்வளவு என்று பிரித்துக் கேட்கலாம்.

மேலே யூனிட் 8 ரூபாய் என்றேனே, அது எங்கிருந்து வந்தது? சொந்த மீட்டர் இருப்பவருக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் படிப்படியாக ஏறும். 500 யூனிட்டைத் தாண்டினால் இரண்டு அடி ஒன்றாக விழும்: தாண்டிய யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல், கூடவே 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கு இருந்த சலுகை விலையும் போய்விடும். ஒரே ஒரு யூனிட் கூடினால் பில் 200 ரூபாய்க்கு மேல் எகிறும். கோடைக்கு முன் 300 யூனிட் ஆகும் வீட்டில், ஏசி ராத்திரிக்கு 4 யூனிட் இழுத்தால் 60 நாளில் 240. மொத்தம் 540. அந்த 40 யூனிட்டைக் குறைப்பதில்தான் காசு இருக்கிறது. டெம்பரேச்சரை ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்கிறது எரிசக்தித் திறன் பணியகம். 24-ல் ஓடுவதை 27-க்கு ஏற்றி, ஃபேனை மெதுவாகச் சுற்றவிட்டால் அந்த 40 யூனிட் ஏறக்குறைய கழிந்துவிடும்.

வாடகை வீட்டில் கதையே வேறு. பல வீடுகளில் சப் மீட்டர்தான். முதல் யூனிட்டிலிருந்தே 8 ரூபாய், சில இடங்களில் 10. இலவச 100 யூனிட்டும் இல்லை, படிநிலைச் சலுகையும் இல்லை. இங்கேதான் ஹவுஸ் ஓனரின் மனசு வருகிறது. கூரைக்கு வெள்ளை அடித்தால் செலவு அவருக்கு, மிச்சம் குடியிருப்பவருக்கு. பிறகு அவர் ஏன் அடிப்பார்? அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, கணக்கு அப்படி அமைந்திருக்கிறது. ஆனால் பேசிப் பார்க்கலாம். வீடு பார்க்கப் போகும்போதே, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால், 'மேல வெள்ளை பெயின்ட் அடிச்சுக் குடுங்க, பாதிச் செலவு நான் ஏத்துக்கிறேன்' என்று சொல்லுங்கள். தளத்துக்கும் அது நல்லது, வெயிலில் விரிந்து சுருங்கி வெடிப்பு விடுவது குறையும் என்று சேர்த்துச் சொன்னால் காது கொடுப்பார். மேல் மாடியில் இருக்கும் இரண்டு போர்ஷனும் சேர்ந்து கேட்டால் இன்னும் சுலபம். அட்வான்ஸ் கைமாறிய பிறகு இந்தப் பேச்சுக்கு மரியாதை இருக்காது.

வாடகைக்காரர்கள் மறந்துவிடும் இன்னொரு செலவு, வீடு மாறும்போது ஏசியைக் கழற்றி மாட்டுவது. ஒவ்வொரு முறையும் கூலி, கூடுதல் காப்பர் பைப், சில நேரம் கேஸ். வருஷத்துக்கு ஒரு வீடு மாறுகிறவர் இதையும் ஏசி விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும். காண்ட்ராக்ட் வேலையில் இருப்பவருக்கு, ஏசி உள்ள வீட்டுக்குக் கொஞ்சம் கூடுதல் வாடகை கொடுப்பது பல நேரம் லாபம்.

கேஸ் என்றதும் நினைவுக்கு வருகிறது. 'கேஸ் கம்மியா இருக்கு சார், டாப் அப் பண்ணிடலாம்' என்று சர்வீஸுக்கு வருபவர் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். ஏசிக்குள் இருக்கும் கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவை அடைக்காமல் நிரப்பினால் அடுத்த கோடைக்கு அதே செலவு. எங்கே லீக் என்று காட்டச் சொல்லுங்கள். புது ஏசிகளில் பெரும்பாலும் இருப்பது ஆர்-32. கொஞ்சம் தீப்பற்றக்கூடியது, ஆளுக்கு ஆள் தோன்றிய மாதிரி நிரப்புகிற சமாச்சாரம் இல்லை.

புதிதாக மாட்டும்போதும் பக்கத்தில் நில்லுங்கள். காப்பர் பைப்பை இணைத்த பிறகு வேக்குவம் பம்ப் போட்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச வேண்டும். சீசன் நேரத்தில் ஒரு நாளைக்கு ஏழெட்டு வீடு ஓடும் பையன்கள் இதைத் தாண்டிவிடுவதுண்டு. அந்த ஈரம்தான் இரண்டு வருஷம் கழித்து கம்ப்ரஸரைத் தின்னும். ஒரு டீ வாங்கிக் கொடுத்து, 'பம்ப் கொண்டு வந்திருக்கீங்களா தம்பி?' என்று கேட்டுவிடுங்கள்.