ஆறப் பொறுக்க வேண்டாமா?

பெங்களூருக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஊருக்கு பஸ் பிடிக்கக் கிளம்பும்போதுதான் இப்படிக் கேள்வி வரும். எங்கள் டீமில் இருக்கும் மதுரைத் தம்பி கேட்டான்: "அண்ணே, கஸ்டமர் அவசரப்படுத்துறாங்க. ஸ்ட்ரெங்த் 1,000 மெகாபாஸ்கலைத் தாண்டிருச்சு. ஃபர்னஸ்ல வைக்காமலே அனுப்பிட்டா என்ன?"

கூடவே கூடாது என்பது என் கட்சி.

நாங்கள் செய்வது, டைட்டானியம் பொடியை லேசரால் உருக்கி, அடுக்கடுக்காகப் படியவைத்துப் பாகம் செய்யும் வேலை. 6% அலுமினியம், 4% வனேடியம் கலந்த, விமானங்களில் அதிகம் புழங்கும் கலவை. உருகியது சட்டென்று குளிர்ந்துவிடுவதால் உள்ளே ஊசி ஊசியாக ஓர் அமைப்பு உண்டாகிறது. இழுத்துப் பார்த்தால் பலம் பிரமாதம். ஆனால் சின்ன விரிசல் விழுந்தால் அதைத் தடுத்து நிறுத்தும் குணம் குறைவு.

அதையே 800 முதல் 950 டிகிரிக்குள் ஓரிரு மணி நேரம் வைத்து மெதுவாக ஆறவிட்டால், ஊசிகள் கலைந்து சற்றுத் தடித்த தகடுகளாகின்றன. விரிசல் நேராக ஓட முடியாமல் வளைந்து வளைந்து போகவேண்டும். பலம் கொஞ்சம் குறையும். குறையட்டுமே!

இஷ்டத்துக்குச் சூடேற்றவும் முடியாது. சுமார் 995 டிகிரியைத் தாண்டினால் படிகங்கள் பெருத்து, நெகிழ்வு குறையும். திறந்த காற்றில் சூடேற்றினால் ஆக்சிஜன் உள்ளே போய் மேல்தோல் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். அதனால்தான் வெற்றிடமோ ஆர்கானோ வேண்டியிருக்கிறது. இத்தனைக்குப் பிறகும், அடுக்கு எழும்பிய திசையில் தூண் தூணாக வளர்ந்த படிகங்களின் அடையாளம் போகாது. ஆகவே நெடுக்கிலும் குறுக்கிலும் தனித்தனியாகச் சோதிக்கவேண்டும்.

தம்பியைக் குறை சொல்லமாட்டேன். ரிப்போர்ட்டில் பலத்தை மட்டும் பெரிய எழுத்தில் போடுவது நாம்தானே? விரிசல் தாங்கும் அளவையும் டிராயிங்கிலேயே எழுதவேண்டும். ஃபர்னஸ் நாட்களை கொட்டேஷனிலேயே சேர்க்கவேண்டும். சோதனைத் துண்டு, பாகத்தோடு அதே ஃபர்னஸுக்குள் போய்வரவேண்டும்.

இரண்டு நாள் தாமதம் என்று மெயில் போட்டோம். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டோம். பஸ்ஸும் போய்விட்டது :-)

பரவாயில்லை. அந்தப் பாகம் பறக்கப்போகிற விமானத்தில் நம் வீட்டுப் பிள்ளைகளும்தான் ஊருக்குப் போவார்கள். ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்க வேண்டாமா?