கூண்டு ஏறியதை யார் காண்பர்?

பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டால், நமது கரையோர ஊர்களில் பெரியவர்கள் படகுகளை இழுத்துக் கட்டுகின்றனர். இளைஞர்களைக் கடலுக்கு அனுப்புவதில்லை. 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டதையும், நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளோடு வந்த இரயில் வண்டி அலைகளில் அழிந்ததையும் நாம் மறக்கவில்லை. இடிந்து நிற்கும் ஆலயச் சுவர்கள் இன்றும் அதனை நினைவூட்டுகின்றன. கடலின் குறிகளை அறிந்த நாம், நம் பிள்ளைகளின் உள்ளத்தில் எழும் புயலின் குறிகளை அறிந்திருக்கிறோமா?

நமது கரையில் இளையோர் தாங்கும் சுமை சிறிதன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். வருவாய் நின்று, கடன் பேச்சே வீட்டில் ஒலிக்கும் அந்நாட்களில்தான் பள்ளி இறுதித் தேர்வின் முடிவும் வெளியாகிறது. எல்லை தாண்டியதாகத் தந்தை இலங்கைக் கடற்படையினரால் சிறைபிடிக்கப்பட்ட வீட்டிலோ, பதினைந்து வயது மகன் ஒரே இரவில் குடும்பத் தலைவனாகிவிடுகிறான். "ஆண்பிள்ளை அழலாமா?" என்கிறோம். அவன் அழுவதை நிறுத்துகிறான், பேசுவதையும் நிறுத்துகிறான். பொறுப்பு வந்துவிட்டது என்று நாம் மகிழ்கிறோம். உண்மையில் கூண்டு ஏறிவிட்டது.

உறக்கம் கெடுதல், உணவில் வெறுப்பு, தோழரை விட்டு விலகுதல், காரணமற்ற சினம், "நான் இருந்து என்ன பயன்?" என்ற சொல்: இவை இரு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அசட்டையாக இருத்தலாகாது. அந்தச் சொல் ஒருமுறை கேட்டாலும் அன்றே செயல்பட வேண்டும். "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா, மகனே?" என்று கனிவோடு நேரே கேட்கலாம். கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாக முளைப்பதில்லை. நெஞ்சின் பாரமே இறங்குகிறது. அவன் பேசும்போது குறுக்கே அறிவுரை வேண்டாம். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுதலும் வேண்டாம். அவனைத் தனியே விடாது உடனிருப்போம்.

மனநோயை மறைத்து வைப்பதன் முடிவை நமது மாவட்டமே கண்டது. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள், ஏர்வாடியில் காப்பகம் ஒன்றில் பற்றிய தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் மாண்டனர். அவர்களும் பெற்றோர் சீராட்டி வளர்த்த பிள்ளைகளே அன்றோ! பின்னாளில் அங்குள்ள தர்காவில், பிரார்த்தனையோடு மருந்தும் கிடைக்கும்படி அரசு மனநலச் சேவை ஏற்படுத்தப்பட்டது. நமக்கும் அதில் பாடமுண்டு. செபமாலை சொல்லும் வீட்டில் மருந்தும் இருக்கலாம். மருத்துவரை நாடுவது விசுவாசக் குறைவன்று.

அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. 2022ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'டெலி மானஸ்' சேவையின் 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். துன்புறும் சிறுவர்க்கு 1098 உதவும். இவ்வெண்களைச் சமையலறைச் சுவரில் எழுதி வைப்போம்.

பெற்றோரால் மட்டும் இது ஆகக்கூடியதன்று. தந்தை சிறையிலிருக்கும் வீட்டிற்கு அரிசியோடு செல்லும் அன்பியத்தார், அவ்வீட்டுப் பிள்ளையோடு அரை மணி நேரம் அமர்ந்து வரட்டும். தேர்வு முடிவு வெளியாகும் நாளில் ஆசிரியரும் பங்கு இளைஞர் மன்றத்தாரும் தோல்வியுற்றோரின் இல்லத்திற்கே முதலில் செல்லட்டும். துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்க உதவட்டும்.

புயல் வரும் இரவில் நம் கரையில் ஒருவர் கதவை மற்றொருவர் தட்டி எழுப்புவது வழக்கம். இன்று மாலை, பேசாதிருக்கும் நம் பிள்ளையின் அருகே சென்று அமர்வோம்.