டயாலிசிஸுக்கு முன்னாடியே ஊசி

மாட்டுக்குக் கோமாரி ஊசி தவறாமப் போடுறவன் நான். தம்பிக்கு கிட்னி கெட்டப்போ, ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போடணும்னு தோணவே இல்லை. டயாலிசிஸ் ஆரம்பிச்ச பிறகு நர்சம்மா சொல்லித்தான் தெரியும்.

டயாலிசிஸ்ல ரத்தம் வெளியே போய் வருது. பி கிருமி காய்ஞ்ச ரத்தக் கறையிலயும் 7 நாள் தாங்கும். கிட்னி கெட்டவங்களுக்கு ஊசி லேசுல பிடிக்காது. அதனால இரட்டிப்பு அளவுல, வழக்கமா 4 தவணை. பிறகு எதிர்ப்புச் சக்தி வந்துச்சான்னு ரத்தப் பரிசோதனை. நோய் முத்துறதுக்கு முன்னாடியே போட்டா நல்லாப் பிடிக்கும்.

சி வகைக்குத் தடுப்பூசியே கிடையாது. ஆளுக்கு ஆள் கையுறை மாத்துறது, கை கழுவுறதுதான் காவல். மாத்தலைன்னா கேட்டுடுங்க. கேக்கிறது மரியாதைக் குறைச்சல் இல்லீங்க. படுத்திருக்கிறது நம்ம ஆளு.